வாய்வு என்று எழுதிய பக்கம்

எனக்கு முதலில் கெடுதல் செய்தவர் கம்பவுண்டர் தெய்வசிகாமணி. இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துபோய்விட்டேன் என்று யாரும் நினைக்கக் கூடாது. அவரால்தான் நாற்பத்தெட்டு வயதில் நான் மாணவன் ஆனேன். வயதான பிறகு படிப்பதும் ஒரு தொழில்தான். மற்ற தொழிலில் கூடுதல் நேரம் பார்த்தால் ஓ.டி. உண்டு, இதில் கண் எரிச்சல்தான் உண்டு. கண்ணாடி போட்ட பிறகு நோட்டுப் புத்தகம் வாங்கியவர்கள், பாடம் நடக்கும்போது கால் மரத்துப்போய் எழுந்து நின்று திட்டு வாங்கியவர்கள், பொம்மைப் படத்துக்கு வர்ணம் தீட்டும்போது மருமகளிடம் மாட்டிக்கொண்டவர்கள் யாராவது இருந்தால், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவன். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற சாலையில் ஒரு இரும்பு வார்ப்புக் கம்பெனியில் மோல்டர் வேலை. மணலில் அச்சு எடுத்து, அதற்குள் இரும்புக் குழம்பை ஊற்றுவோம். அன்றைக்கு அந்தச் சாலையில் கம்பெனிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம், மீதியெல்லாம் வயலும் ஏரியும்தான். என் தம்பி வேலாயுதமும் அதே கம்பெனியில், எனக்குப் பக்கத்து லைனில் இருந்தான்.

சோடா உப்பு

1990 ஐப்பசி மாதம், காலை ஷிப்டு. பத்து மணி டீக்கு முன்னால் வேலாயுதம் என்னிடம் வந்தான். "ணா, மார அடைக்குது. இந்தக் கையி குடையுது" என்று இடது கையைத் தூக்கிக் காட்டினான். உலைக்குப் பக்கத்தில் நிற்கிற எங்களுக்கு வேர்ப்பது புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அவன் உடம்பு வேர்வையோடு சில்லென்று இருந்தது. முதலுதவி அறைக்குக் கூட்டிப்போனேன். கம்பவுண்டர் தெய்வசிகாமணி ஒரு டம்ளரில் சோடா உப்பைக் கலக்கிக் கொடுத்தார். பச்சை அட்டை போட்ட பெரிய நோட்டில் எழுதினார்: "வேலாயுதம், மோல்டிங், வாய்வு. மருந்து கொடுத்து வேலைக்கு அனுப்பப்பட்டார்." சாப்பாட்டுச் சங்கு ஊதுவதற்குள், மணல் குவியலில் சாய்ந்து உட்கார்ந்த என் தம்பி போய்விட்டான். அவனுக்கு நாற்பத்தொரு வயது.

கம்பெனி செய்ய வேண்டியதைச் செய்தது, அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் நோட்டில் எழுதிய வார்த்தை அறையை விட்டு வெளியே வந்து, லைன் லைனாகப் போய், ஊருக்குள்ளும் நுழைந்துவிட்டது. மொச்சைக்கொட்டை தின்று செத்தவன் மாதிரி பேசினார்கள். வாய்வு என்றால் கேஸ் அல்லவா, அவன் பையனைப் பள்ளிக்கூடத்தில் 'கேஸ் வூட்டுப் பையன்' என்று கூப்பிட்டார்கள். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றைக்கே நான் முதலுதவி அறைக்குப் போனேன். "சார், வாய்வுல எவனும் மூணு மணி நேரத்துல சாவ மாட்டான். அது வேற இன்னாவோ. நோட்டுல மாத்தி எழுதுங்க" என்றேன். அறையில் கட்டுப்போட வந்த நாலு பேர் இருந்தார்கள். அவர் பேனாவை மூடிப் பையில் சொருகிக்கொண்டு சொன்னார்: "அஞ்சாங்கிளாசு படிச்சவன் எனக்கு வியாதி சொல்லித் தர்றியா? போய் படிச்சிட்டு வந்து பேசுய்யா."

மாடு அசை போடாவிட்டால்

படிச்சிட்டு வா என்றால் படித்துவிட்டு வருகிற ஆள் நான். தை மாதம் ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையச் சுவரில் ஒரு நோட்டீசைப் பார்த்தேன். 'உடலும் நோயும்: ஓர் அறிமுகம்.' ஓர் ஆண்டு வகுப்பு, ஞாயிறு காலையில், தமிழில், வயது வரம்பு இல்லை, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். ஒரு தர்ம காரியச் சபை கோயிலுக்குப் பின் தெருவில் நடத்தியது. மருந்துக் கடையில் வேலை செய்பவர்கள், பால்வாடி ஆயாக்கள் என்று இருபது பேர் சேர்ந்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் டாக்டர் கோமளவல்லி, அதே தெருவில் கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பெண். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர்.

"எட்டாவதுன்னு போட்டிருக்கோமே, நீங்க அஞ்சாவதுன்னு சொல்றேளே" என்று தயங்கினார். மீதி மூன்று வருஷம் மாடு மேய்த்தேன் என்றேன். "சரி, மாடு அசை போடலைன்னா என்ன பண்ணுவேள்?" என்று கேட்டார். "வைத்தியருகிட்ட ஓட்டிக்கினு போவேம்மா. நானா எதுவும் கலக்கிக் குடுக்க மாட்டேன்" என்றேன். கலக்கி என்ற வார்த்தையை நான் அழுத்திச் சொன்னது அவருக்குப் புரிந்திருக்காது. ஆனால் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே சொன்னார்: "இந்தப் பதிலுக்கு வர எனக்கு எம்.பி.பி.எஸ். நாலாவது வருஷம் ஆச்சு, சேந்துக்கோங்கோ."

படத்தில் நிற்பவர்

முதல் வகுப்பிலேயே சண்டை போட்டேன். சுவரில் ஆளுயரப் படம் மாட்டியிருந்தார்கள். தோலை உரித்த மனிதன். அதில் ஈரல் இடது பக்கம் இருந்தது, இதயம் வலது பக்கம் சாய்ந்திருந்தது. எனக்கு இதயம் எந்தப் பக்கம் என்று தெரியாதா? தம்பி தூக்கிக் காட்டியது இடது கையல்லவா? "படம் தப்பும்மா, மாத்தி அடிச்சிட்டானுங்க" என்று எழுந்து நின்று சொன்னேன். ஆயாக்கள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்கள்.

மணலில் அச்சு எடுக்கும்போது வலது இடதாகவும் இடது வலதாகவும் விழும். இருபத்தைந்து வருஷமாக அதிலேயே கிடந்தவன் நான். ஒரு படத்தில் அது விளங்கவில்லை என்று நினைத்தால் இன்றைக்கும் காது சூடாகிறது. டாக்டர் அம்மா கோபப்படவில்லை. என்னைப் படத்துக்கு எதிரில் வந்து நிற்கச் சொன்னார், கை குலுக்கச் சொன்னார். நான் வலது கையை நீட்டியபோதுதான் எனக்கே பிடிபட்டது. அவர் சொன்னார்: "அவர் உங்களைப் பாத்துண்டு நிக்கறார், ஏகாம்பரம். உங்களுக்கு முதுகைக் காட்டல."

ஆட்டு நெஞ்சு

எனக்குள்ளே கணையம் என்று ஒன்று நாற்பத்தெட்டு வருஷமாக இருந்திருக்கிறது, ஒருத்தரும் சொல்லவில்லை. மண்ணீரல் என்று புத்தகத்தில் போட்டிருந்தது, நாங்கள் ஞாயிற்றுக்கிழமை வறுத்துச் சாப்பிடுகிற சுவரொட்டிதான் என்று தெரிந்ததும் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. அதிலிருந்து ஒரு யோசனை வந்தது. புத்தகத்தில் இதயத்துக்கு நாலு அறை என்று போட்டிருக்கிறது. கண்ணால் பார்க்காமல் எப்படி நம்புவது? நேராக எங்கள் ஊர்ப் பக்கத்துச் சுங்குவார்சத்திரம் கறிக்கடைக்குப் போய் பாயிடம், "இதயம் மட்டும் தனியா குடு பாய், வெட்டாம" என்றேன். "தனியா யாரும் கேக்க மாட்டாங்களே நைனா, ஈரலோட சேத்துத் தள்ளிடுவோமே" என்று சந்தேகமாகப் பார்த்தார். படிப்புக்கு என்றேன். சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

வீட்டுப் பின்கட்டில் பழைய பிளேடை வைத்து அறுத்தேன். நாலு அறை இருந்தது. கதவு மாதிரி வால்வு இருந்தது. ஆனால் என் கண் வேறு இடத்தில் நின்றுவிட்டது. இதயத்தின் மேல்தோலில், கொழுப்புக்கு நடுவே, நூல் கனத்தில் ஒரு குழாய் ஓடியது. இவ்வளவு ரத்தத்தை உள்ளே வைத்திருக்கிற இதயம், தன் சதைக்கு வேண்டியதை அந்த நூல் வழியாகத்தான் வாங்கிக்கொள்கிறது. எங்கள் வேலையில் இரும்புக் குழம்பு போகிற வாய்க்காலை ரன்னர் என்போம். ரன்னரில் ஒரு மணல் கட்டி அடைத்தால் போதும், அதற்கு அப்பால் வார்ப்பு விழாது, தட்டினால் உடையும். தம்பிக்கு இந்த நூலில்தான் ஏதோ அடைத்திருக்கிறது என்று அந்தப் பின்கட்டிலேயே எனக்குத் தோன்றிவிட்டது. எழுந்து கிணற்றடிக்கும் வாசலுக்கும் நாலு முறை நடந்தேன். திரும்பி வந்தபோது என் மனைவி சரசு, பிளந்து கிடந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். "படிச்சி முடிச்சிட்டீங்கன்னா சொல்லுங்க, மிளகு போட்டு எறக்கிடறேன்."

வாரம் ஒரு வியாதி

வயதான காலத்தில் வியாதிகளைப் படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பாடம் எதுவோ அது உங்களுக்கு வந்துவிடும். காசநோய்ப் பாடம் நடந்த வாரம் எனக்கு இருமல். நீரிழிவுப் பாடத்துக்குப் பிறகு மூன்று நாள் பம்பு செட்டைவிட்டு நகரவில்லை, அவ்வளவு தாகம். மஞ்சள் காமாலை வாரத்தில் கம்பெனி பஸ் கண்ணாடியில் கண்ணை விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். பக்கத்து சீட்டுக்காரன் எழுந்து வேறு சீட்டுக்குப் போய்விட்டான். ரத்தக் கொதிப்பு பாடம் மட்டும் எனக்குப் பொருந்தியது. டாக்டர் அம்மா என் கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோபத்தைக் குறைக்கச் சொன்னார். எந்தக் கோபம் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

என்னோடு அச்சு மண் மிதிக்கிற காசி இதையெல்லாம் கவனித்துக்கொண்டே இருந்தான். காசிக்கு எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது, எனக்கு எதையும் விடத் தெரியாது. அதனாலேயே இருபது வருஷம் ஒத்துப்போனோம். ஒரு நாள் டீக்கடையில் பன்னை நனைத்துக்கொண்டே என் நோட்டை வாங்கிப் புரட்டினான். அடுத்த பாடத்தின் தலைப்பைப் பார்த்து நிறுத்தினான். கடையில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்: "ஏகா, அடுத்த வாரம் கர்ப்பப்பையாம். இப்பவே லீவு எழுதிக் குடுத்துரு."

ஒயர்

1991 மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது உலகத்துக்கே தெரியும். அதைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. என் வகுப்பு மூன்று வாரம் நின்றது, ஊர் முழுக்கக் காக்கிச் சட்டை நின்றது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். ஜூனில் வகுப்பு திரும்ப ஆரம்பித்தது. வீட்டுப்பாடம், இதயமும் ரத்த ஓட்டமும், பெரிய அட்டையில். சிவப்பிலும் நீலத்திலும் குழாய் குழாயாக வரைந்து, அம்புக்குறி போட்டு, மேல் அறை கீழ் அறை என்று எழுதி, சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். ஊருக்கு வெளியே பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கினார்கள்.

ஒரு போலீஸ்காரர் அட்டையை விரித்தார். விரித்தவர் இரண்டடி பின்னால் போனார். "இன்னாய்யா இது? எந்த எடத்து மேப்பு?" என்றார். இதயம் என்றேன். "இதயத்துல எதுக்குய்யா இவ்ளோ ஒயரு?" ஒயர் இல்லை, ரத்தக் குழாய் என்றேன். இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். சிவப்பு எங்கே போகிறது, நீலம் எங்கே வருகிறது என்று கேட்டார்கள். பயத்திலும் பாடம் வந்தது. நுரையீரலுக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி இடப்பக்கம் வருவது வரைக்கும் நடு ரோட்டில் நின்று ஒப்பித்தேன். வகுப்பில்கூட நான் அவ்வளவு சரியாகச் சொன்னதில்லை. மூத்த ஏட்டு ஒருத்தர் தன் மார்பில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டு, அட்டையை அவரே பதமாகச் சுருட்டிக் கொடுத்தார். "உள்ள இவ்ளோ ஓடுதுன்னு தெரிஞ்சா டூட்டி பாக்கவே பயமா இருக்கும்யா, எடுத்துக்கினு போ."

கூட வந்தவர்

ஆடி மாதம் நெஞ்சு வலிப் பாடம் வந்தது. இதற்காகத்தான் நான் சேர்ந்ததே. முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். டாக்டர் அம்மா ஆரம்பிக்கும்போதே, "நெஞ்சு அடைக்கறது, வேர்க்கறதுன்னு சொன்னா உங்க ஊர்ல அதுக்கு என்ன பேர்?" என்று கேட்டார். இருபது பேரும் ஒரே குரலில் "வாய்வு" என்றோம். நான்தான் உரக்கச் சொன்னேன். ஏன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. மோல்டருக்கு எல்லாக் கெடுதலும் கேஸ்தான். அச்சில் காற்று போக வழி விடாவிட்டால் வார்ப்பு முழுக்க ஓட்டை விழும். அதனால் தலைவலி வந்தாலும் கேஸ், முதுகு பிடித்தாலும் கேஸ். அந்த வார்த்தை எங்கள் நாக்கிலேயே குடியிருக்கிறது.

அவர் கரும்பலகையில் எழுதினார். நெஞ்சில் பாரம், இடது கையில் குடைச்சல், குளிர்ந்த வேர்வை. மூன்றும் சேர்ந்து வந்தால் முதலில் இதயம் என்றுதான் நினைக்க வேண்டும், நடக்க விடக்கூடாது, வேலைக்கு அனுப்பக்கூடாது, உடனே ஆஸ்பத்திரி. என் தம்பியை நேரில் பார்த்து எழுதிய மாதிரி இருந்தது. உடனே எழுந்து கம்பெனிக்கு ஓடி அந்தக் கரும்பலகையைத் தெய்வசிகாமணியின் மேஜைமேல் வைக்க வேண்டும் போல இருந்தது. அப்போது டாக்டர் அம்மா இன்னொன்று சொன்னார். "ஒரு விஷயம் கவனிச்சிருக்கேளா? வாய்வுன்னு முதல்ல சொல்றது வலிக்கறவர் இல்லை. அவர் அடைக்கறதுன்னுதான் சொல்வார். கூட வந்தவர்தான் வாய்வுன்னு பேர் வைப்பார்."

மேலே சோடா உப்புக் கதையில் ஒன்றை நான் விட்டுவிட்டேன். மறைக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் எனக்கே அது ஞாபகத்தில் இல்லை. அன்றைக்கு முதலுதவி அறைக் கதவண்டை நின்று, தம்பி வாயைத் திறப்பதற்கு முன்னால், "சார், தம்பிக்கு வாய்வு புடிச்சிக்கிச்சி, எதனா குடுங்க" என்று சொன்னவன் நான். பெஞ்சைவிட்டு எழுந்தேன். வகுப்பை விட்டு, கோயில் தெருவை விட்டு, வெயிலில் நடந்தேன். சுங்குவார்சத்திரம் பஸ் இரண்டு என்னைத் தாண்டிப் போனது, கை காட்டவில்லை. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது செருப்பு அறுந்திருந்தது. சரசுவிடம் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போனாள். பிறகு தண்ணீர்ச் சொம்பை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க சொன்னீங்க, சரி. சொன்னதையெல்லாம் எழுதறதுக்கா அவர அங்க ஒக்கார வெச்சிக்கீறாங்க?"

வாய்மொழித் தேர்வு

அடுத்த இரண்டு வாரம் நான் வகுப்புக்குப் போகவில்லை. மூன்றாவது வாரம் போனேன். யார்மேல் கோபம் என்று குழப்பமாக இருந்ததே தவிர, கோபம் குறையவில்லை. டாக்டர் அம்மா எதுவும் கேட்காமல் விட்டுப்போன பாடத்தின் நோட்டைக் கொடுத்தார்.

கார்த்திகை மாதம் தேர்வு நடந்தது. எழுத்துத் தேர்வில் எலும்புகள் இருநூற்றாறையும் ஒன்றுவிடாமல் எழுதினேன், நேரம் போதாமல் கல்லீரலைப் பாதியில் விட்டேன். வாய்மொழித் தேர்வுக்குப் பட்டணத்திலிருந்து ஒரு பெரிய டாக்டர் வந்திருந்தார். என் முறை வந்ததும் நாற்காலியில் உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொல்கிறேன் என்றேன். உட்கார்ந்தால் எனக்குப் பதில் வராது. "நெஞ்சு வலின்னு ஒருத்தரக் கூட்டிட்டு வர்றாங்க. முதல்ல என்ன செய்வீங்க?" என்று கேட்டார். "கூட வந்தவன வெளிய நிக்கச் சொல்வேன் சார்" என்றேன். அவர் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். ஏன் என்றார். அவன் வியாதிக்குப் பேர் வைத்துவிடுவான், அப்புறம் எல்லாரும் அந்தப் பேரையே கூப்பிடுவார்கள் என்றேன். அவர் டாக்டர் அம்மா பக்கம் திரும்பிச் சொன்னார்: "இது புஸ்தகத்துல இல்லம்மா. ஆனா மார்க்கு போடாம இருக்க முடியல."

பச்சை நோட்டு

சான்றிதழைக் கண்ணாடி போட்டு மாட்டலாம் என்றாள் சரசு. மாட்டுவதற்கா படித்தேன்? மறுநாள் டீ இடைவேளையில் அதை எடுத்துக்கொண்டு முதலுதவி அறைக்குப் போனேன். "படிச்சிட்டு வந்துட்டேன் சார்" என்றேன். தெய்வசிகாமணி பஞ்சு கத்தரித்துக்கொண்டிருந்தார். "எத?" என்றார். அவர் சொன்னதே அவருக்கு நினைவில்லை. ஒரு வருஷம் நான் நெஞ்சுக்குள் வைத்திருந்த வார்த்தையை அவர் அன்றைக்கே குப்பைக் கூடையில் போட்டுவிட்டுப் பஞ்சு கத்தரிக்கப் போயிருக்கிறார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் அங்கிருந்த ரத்தக் கொதிப்புப் பட்டையை எனக்குச் சுற்றிப் பார்த்திருந்தால் பாதரசம் வெளியே வந்திருக்கும்.

எல்லாவற்றையும் சொன்னேன். மார் அடைத்தது, இடது கை, குளிர்ந்த வேர்வை, நூல் கனத்துக் குழாய். அவர் கத்தரியைக் கீழே வைத்தார். எனக்கு ஒன்று தெரிந்தது. அவருக்கும் இதெல்லாம் தெரியும், என்னைவிட நன்றாகவே தெரியும். "நீதானய்யா வாய்வுன்னு இட்டுக்கினு வந்த? இதோ, இந்தக் கதவாண்ட நின்னுக்கினு நீதான சொன்ன?" என்றார்.

"ஆமா சார், நான்தான் சொன்னேன். நான் சொன்னது தப்பு. எந்தம்பிய நானும் சேந்துதான் சாவடிச்சேன், வூட்லயும் சொல்லிட்டேன். ஆனா நான் மண்ணு மிதிக்கிறவன். எவனோ கதவாண்ட சொன்னத நீங்க ஏன் எழுதினீங்க? அவன் கையத் தொட்டுப் பாத்தீங்களா? அத அடிச்சிட்டு நெஞ்சு வலின்னு எழுதுங்க. அவம் பையன் பெருசானா யாரும் அவன அந்தப் பேருல கூப்பிடக் கூடாது. அவ்ளோதான்."

பச்சை நோட்டு மேஜைமேல்தான் இருந்தது. பேனா அவர் பையில் இருந்தது. அவர் கை நோட்டுமேல் போய் உட்கார்ந்தது. திறக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். நோட்டைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் சொன்னார்: "எழுதினது எழுதினதுதான்யா, தேதி போட்டிருக்குது. போ, சங்கு ஊதிடும்."

காசியின் ஏப்பம்

மார்கழியில் ஒரு நாள் காசி மூன்று தட்டு மொச்சைச் சுண்டலைத் தின்றுவிட்டு மாரைப் பிடித்துக்கொண்டான். நான் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய்க் கதவண்டை விட்டேன். வாயைத் திறக்கவில்லை. வெளியே நின்றுகொண்டேன். கம்பவுண்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு காசியின் கையைத் தொட்டுப் பார்த்தார். நாடி பிடித்தார். வேர்க்கிறதா, கை குடைகிறதா என்று கேட்டார். சோடா உப்பு டப்பாவைத் திறக்கவே இல்லை. காசியைப் படுக்க வைத்து, கம்பெனி ஜீப்பை வரவழைத்து, காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அவர் உள்ளறைக்குப் போனபோது நுழைந்து நோட்டைப் பார்த்தேன். "நெஞ்சு வலி. ஜீப்பில் அனுப்பப்பட்டார்" என்று எழுதியிருந்தது. முன் பக்கத்தைத் திருப்பினேன், அதற்கும் முன் பக்கத்தைத் திருப்பினேன். நான் சான்றிதழோடு போன நாளிலிருந்து அந்த நோட்டில் வாய்வு என்ற வார்த்தையே இல்லை. இது அதற்குப் பிறகு தொடங்கிய புது நோட்டு, தம்பியின் ஐப்பசிப் பக்கம் பழைய பச்சை நோட்டில் இருந்தது. அது பீரோவுக்குள் பூட்டியிருந்தது.

காசி மறுநாள் காலை ஷிப்டுக்கே வந்துவிட்டான். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, என் காதோடு சொன்னான்: "ஏகா, எனக்கு நெசமாவே வாய்வுதாண்டா. காஞ்சிவரம் வரைக்கும் ஜீப்புல போய் ஒரே ஒரு ஏப்பம் வுட்டுட்டு வந்தேன்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரகடம் திருப்பம் வரைக்கும் சிரித்துக்கொண்டிருந்தோம். இறங்கும்போது என் சட்டையெல்லாம் கண்ணீரில் நனைந்திருந்தது.

தெய்வசிகாமணி ஓய்வு பெற்று மணிமங்கலத்தில் மகன் வீட்டோடு இருக்கிறார். என் மகளைத் தாம்பரத்தில் கொடுத்திருப்பதால் மாதம் இரண்டு முறை அந்த வழியாகத்தான் பஸ்ஸில் போகிறேன், ஜன்னல் ஓரமாகத்தான் உட்காருகிறேன், சட்டைப் பையில் மை உள்ள பேனாவாகப் பார்த்து எடுத்துப்போகிறேன். மனித உடம்பில் இருநூற்றாறு எலும்பையும் தொட்டுக் காட்டத் தெரிந்த எனக்கு, ஒரு மனிதரின் வாயிலிருந்து 'தப்பு' என்ற ஒரே ஒரு வார்த்தையை எடுக்க எந்த வகுப்பில் சேர வேண்டும் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.